சாவு வீட்டுக்கு வரும் எதிர்ச் சங்கம்

2025 ஜூன் மாதம். இஸ்ரேல் ஈரானை அடிக்கத் தொடங்கி மூன்று நாள் ஆகியிருக்கும். மாமா ஆட்டோவை வாசலில் போட்டுவிட்டுக் குசினிக்கே வந்துவிட்டார். பலகைக் கட்டையில் உட்கார்ந்து, பிளேன்டியைக் கையில் வாங்கியதும் கேட்டார்:

"புள்ள, நீ சரித்திரம் படிப்பிக்கிறவதானே. துருக்கிக்காரனும் ஈரான்காரனும் ஒண்ணு சேந்துட்டா எல்லாம் அடங்கிரும்தானே? சேருவானுகளா?"

மாமாவுக்கு இது உலக அரசியல் இல்லை. 2022இல் பெட்ரோல் ஷெட்டில் இரண்டு இரவு ஆட்டோவிலேயே தூங்கியவர். மூத்த மகள் குவைத்தில் வீட்டு வேலையில் இருக்கிறாள். அந்தப் பக்கம் எங்கே வெடித்தாலும் ஒன்று அவர் டாங்கியில் காயும், இல்லாவிட்டால் வட்ஸ்அப்பில் மகளின் குரல் வராமல் நிற்கும்.

"சேர மாட்டாங்க மாமா. சேர்ந்தாலும் நிக்காது" என்றேன்.

"ஏன்?"

பிளேன்டி ஆறுவதற்குள் சொல்லிவிடக்கூடிய பதில் என்னிடம் அன்று இருக்கவில்லை. இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் ஊவா மாகாணத்தில் ஈரான் என்றால் உமா ஓயா. 2008இல் அப்போதைய ஈரான் ஜனாதிபதி அஹ்மதிநெஜாத் இலங்கை வந்தபோது தொடக்க விழா கண்ட திட்டம். புஹுல்பொலவிலும் டயரபாவிலும் அணை, மலைக்கு அடியில் சுரங்கம், கீழே வெல்லவாயப் பக்கம் நிலத்துக்குள்ளேயே மின் நிலையம், 120 மெகாவாட். ஈரானிய நிறுவனம் கட்டியது. பாதி வழியில் பொருளாதாரத் தடை வந்து ஈரானின் கடன் நின்றுபோக, மிச்சச் செலவை இலங்கையே போட்டது. 2014 கடைசியில் சுரங்கத்துக்குள் நீர் பாய்ந்தபோது பண்டாரவளைச் சுற்றுவட்டாரத்தில் கிணறுகள் வற்றின, சுவர்கள் வெடித்தன, பிறகு ஊரே வீதிக்கு வந்தது. இதெல்லாம் பத்திரிகையில் வந்த கதைதான், நான் நீட்டவில்லை. 2024 ஏப்ரல் 24 அன்று ஈரான் ஜனாதிபதி இப்ராஹிம் ரைசி நேரில் வந்து அதைத் திறந்துவைத்தார்.

இதோடு சேர்ந்த இன்னொரு கணக்கும் உண்டு. பழைய எண்ணெய்க் கடன் சுமார் 25 கோடி டாலர். அதைத் தேயிலையாகக் கொடுத்துக் கழிப்பதாக 2021 டிசம்பரில் உடன்பாடு. மாதம் 50 லட்சம் டாலர் பெறுமதி. வகுத்துப் பாருங்கள், ஒரு மாதமும் தவறாமல் கொடுத்தாலே நான்கு வருஷத்துக்கு மேல் போகும். இதில் எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல். ஈரானும் துருக்கியும் ஈராக்கும் விரும்பிக் குடிக்கும் கறுத்த சாயத் தேயிலை பெரும்பாலும் காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலை. சுரங்கம் தோண்டியது எங்கள் மலையில், கடன் கழிவது அவர்கள் கொழுந்தில். போகட்டும்.

ரைசி உமா ஓயாவைத் திறந்து சரியாக 25 நாள் கழித்து இன்னோர் அணையைத் திறக்கப் போனார். அது ஈரானுக்கும் அஸர்பைஜானுக்கும் நடுவில் ஓடும் அராஸ் ஆற்றில். மே 19. திரும்பி வரும் வழியில் பனிமூட்டத்தில் ஹெலிகொப்டர் மலையில் மோதியது. வெளிநாட்டு அமைச்சரும் அதே ஹெலிகொப்டரில் இருந்தார். இங்கே அரசாங்கம் துக்க தினம் அறிவித்துக் கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்கியது. போன மாதம்தான் நம்ம மலைக்கு வந்துபோன மனுஷன் என்று எங்கள் பாடசாலை ஆசிரியர் அறையில் கொஞ்ச நேரம் பேச்சு ஓடியது.

அன்றிரவு நடந்ததைத்தான் மாமாவுக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

இருட்டு, மழை, மூடுபனி. ஈரான் துருக்கியிடம் உதவி கேட்டது. துருக்கி அக்கின்ஜி என்ற ஆளில்லா விமானத்தை அனுப்பியது. அதன் கமெரா காட்டியதை துருக்கியின் அரச செய்தி நிறுவனம் நேரலையாகவே விட்டது. கறுப்பு வெள்ளையில் மலைச்சரிவு, ஓரிடத்தில் வெப்பம் தெரிகிறது என்றார்கள், விடிந்ததும் உடல்கள் கிடைத்தன. வேலையை முடித்துத் திரும்பும் வழியில் அந்த விமானம் வான் ஏரிக்கு மேலே, தன் பறப்புத் தடத்தாலேயே துருக்கிக் கொடியின் பிறையையும் நட்சத்திரத்தையும் வரைந்துவிட்டுப் போனது. இணையத்தில் பறப்புத் தடம் பார்க்கிற லட்சக்கணக்கானவர்களுக்கும் அது தெரிந்தது.

இரண்டு மூன்று நாள் போகவில்லை. ஈரான் இராணுவத்திடமிருந்து அறிக்கை வந்தது: துருக்கியின் விமானத்தால் இடத்தைச் சரியாகக் கண்டுபிடிக்க முடியவில்லை, கண்டுபிடித்தது எங்கள் சொந்த விமானங்கள்தான்.

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சாவு வீடென்று மறந்து சிரித்தேன். ஏனென்றால் இதை நான் சின்னப் பிள்ளையிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பார்த்திருக்கிறேன்.

அப்பா ஒரு தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். எங்கள் காம்பராவுக்கு அடுத்த காம்பரா, நடுவில் ஒரு சுவர், அங்கே இருந்த பெரியப்பா எதிர்ச் சங்கத்தின் தலைவர். ரத்த உறவு இல்லை, முறைக்குப் பெரியப்பா. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் இருவரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். ஆனால் தோட்டத்தில் ஒரு சாவு என்றால் தப்புப் பறைச் சத்தம் கேட்ட கையோடு இருவரும் வந்துவிடுவார்கள். குழி வெட்ட ஆள் பிரிப்பது, மரண உதவிச் சங்கத்துக் காசை எண்ணிக் கொடுப்பது, எல்லாம் இருவரும் சேர்ந்துதான். எட்டாம் நாள் முடிந்ததும் "அந்தப் பொட்டி எங்க சங்கம் வாங்கிக் குடுத்தது" என்று ஓர் ஆள் பீலிக்கரையில் சொல்வார், "தூக்கினது எங்க ஆளுக" என்று மற்றவர் சொல்வார்.

ஒருமுறை இரண்டு சங்கமும் சேர்ந்தே விட்டன. சம்பள உயர்வுப் போராட்டம். நான் எட்டாம் வகுப்பில் இருந்தேன். இரண்டு கொடியும் ஒரே மூங்கிலில் பறந்ததைப் பார்த்துத் தோட்டமே பூரித்துப்போனது. அம்மாக்கள் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார்கள். பெரியப்பா எங்கள் வீட்டில் ரொட்டி சாப்பிட்டார். பதினோராம் நாள் கொஞ்சம் சம்பளம் கூட்டித் தந்தார்கள், பெரட்டு மறுபடி தொடங்கியது. ஒரு மாதம் கழித்துச் செக்ரோல், அதாவது சம்பளப் பதிவேடு, வந்தபோதுதான் பிரச்சினை. சந்தா.

சந்தாப் பணம் சம்பளத்தில் நேரே வெட்டப்படும். யார் எந்தச் சங்கத்தில் என்பது கணக்கப்பிள்ளையின் செக்ரோலில் இருக்கிறது. "இந்தக் கூட்டு எங்களால்தான்" என்று இரண்டு பக்கமும் சொல்லி ஆள் சேர்த்தார்கள். தோட்டத்தில் இருந்தது முந்நூறு பேர். புதிதாக யாரும் வானத்திலிருந்து குதிக்கப் போவதில்லை. அப்பாவுக்கு ஓர் ஆள் கூடினால் பெரியப்பாவுக்கு ஓர் ஆள் குறையும். அதற்குள் மூங்கிலில் ஒரு கொடியைக் காணோம்.

அப்பாவும் பெரியப்பாவும் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. இரண்டு பேரும் ஒரே முந்நூறு பேரை நம்பிச் சங்கம் நடத்தியவர்கள். துருக்கியும் ஈரானும் ஏன் நிலைத்த கூட்டாளிகளாக முடியாது என்பதற்கு நான் நம்பும் காரணம் இதுதான். மதம், சுன்னி ஷியா, பாரசீகம் துருக்கியம் என்று பெரிய பெரிய புத்தகங்களில் சொல்வதெல்லாம் இதற்கு அடுத்துத்தான். ஈராக், சிரியா, காக்கசஸ் என்று இரண்டு பேருடைய செக்ரோலிலும் ஒரே பெயர்கள் இருக்கின்றன. சிரிய ஜனாதிபதி அசாத்துக்கு 2011இலிருந்து ஈரான் படையும் பணமும் கொடுத்தது, துருக்கி அசாத்தை எதிர்த்தவர்களுக்குக் கொடுத்தது. 2017இல் ரஷ்யாவையும் சேர்த்துக்கொண்டு அஸ்தானாவில் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள், அந்தப் பேச்சு வருஷக்கணக்கில் நடந்தது. 2024 டிசம்பர் 8 அன்று அசாத் ஓடியபோது சிரியா என்ற பெயர் ஈரானின் செக்ரோலிலிருந்து வெட்டுப்பட்டது. துருக்கியின் செக்ரோலில் அது ஏறிவிட்டது.

பழைய கதைக்குப் போனால் இது இன்னும் சுவாரசியம். 1514இல் சல்திரானில் துருக்கியின் உஸ்மானிய சுல்தான் முதலாம் சலீமும் ஈரானின் சஃபாவிய ஷா இஸ்மாயிலும் மோதினார்கள். சலீமிடம் பீரங்கி இருந்தது, வென்றார். வகுப்பில் இதைச் சொல்லும்போது நான் பரீட்சைக்கு வராத ஒன்றையும் சொல்வேன். சுல்தான் சலீம் கவிதை எழுதியது பாரசீகத்தில். ஷா இஸ்மாயில் எழுதியது துருக்கிய மொழியில். எதிரியின் மொழியில் உருகி உருகி எழுதியவர்கள்தான் எதிரியின் கழுத்துக்குக் கத்தி வைத்தார்கள். மொழி ஒன்று, சமயம் ஒன்று, பண்பாடு ஒன்று, ஆகவே சேர்ந்துவிடுவார்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த இரண்டு கவிஞர்கள் நினைவுக்கு வருவார்கள். (கவிதை இன்றும் ஆபத்துத்தான். 2020 டிசம்பரில் துருக்கி ஜனாதிபதி எர்டோகான் அஸர்பைஜானின் பாக்கு நகரில் அராஸ் ஆறு பற்றிய ஒரு கவிதையை வாசித்தார். ஆற்றின் இந்தக் கரையையும் அந்தக் கரையையும் பிரித்துவிட்டார்களே என்ற ஏக்கம். ஈரானில் துருக்கிய மொழி பேசும் அஸேரிகள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். தெஹ்ரான் உடனே துருக்கித் தூதரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டது. ரைசி கடைசியாக அணை திறந்த அதே ஆறு.)

சல்திரானுக்குப் பின் நூற்றிருபது வருஷம் விட்டு விட்டுச் சண்டை. பாக்தாத் இவர் கைக்கும் அவர் கைக்கும் மாறிக்கொண்டே இருந்தது. 1639இல் சுஹாப் ஒப்பந்தம். பாக்தாத் உனக்கு, யெரெவான் எனக்கு. அதற்குப் பிறகும் நாதிர் ஷா காலத்தில் போர் வந்தது, 1820களில் வந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் அடித்துக் களைத்து வந்து நின்றது ஏறக்குறைய அதே கோட்டில்தான். இன்றைய துருக்கி ஈரான் எல்லையும் பெரும்பாலும் அந்தக் கோடே. இத்தனை சண்டைக்காரர்களுக்கு நடுவில் இவ்வளவு வயதான எல்லை உலகத்தில் நிறைய இல்லை. இருவருக்கும் நடுவில் நிலைத்தது ஏதாவது உண்டா என்று கேட்டால் நான் இந்தக் கோட்டைத்தான் காட்டுவேன். எங்கள் காம்பராவுக்கும் பெரியப்பாவின் காம்பராவுக்கும் நடுவில் இருந்த சுவர் மாதிரி. அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும், ஆனாலும் சுவர் சுவர்தான்.

கூட்டணி என்று கையெழுத்துப் போட்டவையும் இல்லாமல் இல்லை. 1937இல் தெஹ்ரானில் சாதாபாத் உடன்படிக்கை: துருக்கி, ஈரான், ஈராக், ஆப்கானிஸ்தான். 1941 ஆகஸ்டில் பிரிட்டனும் சோவியத்தும் இரண்டு பக்கமாக ஈரானுக்குள் புகுந்தபோது மற்ற மூவரில் ஒருவரும் அசையவில்லை. 1955இல் துருக்கியும் ஈரானும் ஈராக்கோடு சேர்ந்த பாக்தாத் ஒப்பந்தம், பின்பலமாகப் பிரிட்டன். 1958இல் ஈராக்கில் புரட்சி, அடுத்த வருஷம் பாக்தாத்தே விலகிப்போய் பாக்தாத் இல்லாத பாக்தாத் ஒப்பந்தம் பெயரை மாற்றிக்கொண்டது, 1979இல் ஈரானில் புரட்சி வந்ததும் அதுவும் கலைந்தது. 1964 ஜூலையில் துருக்கி, ஈரான், பாகிஸ்தான் மூன்றும் அபிவிருத்திக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கின. இவற்றை விடச் சீக்கிரமாகப் பலன் தந்த உடன்பாடுகள் வேறு சில உண்டு. அவற்றைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

1930இல் அரராத் மலையில் குர்துகள் கிளர்ந்தார்கள். துருக்கிப் படை துரத்தினால் சின்ன அரராத்தின் ஈரான் பக்கச் சரிவுக்குப் போய்விடுவார்கள். 1932இல் இரண்டு நாடும் பேசிச் சின்ன அரராத்தைத் துருக்கிக்கும், வேறோர் இடத்தில் கொஞ்ச நிலத்தை ஈரானுக்கும் மாற்றிக்கொண்டன. ஒளிந்துகொள்ள இடமில்லாமல் போனது. நிரந்தரமாக இருக்கும் அந்த எல்லையில் நடந்த பெரிய திருத்தங்களில் இது ஒன்று. 1975 மார்ச்சில் அல்ஜியர்ஸில் ஈரான் ஷாவும் சதாம் ஹுசைனும் கைகுலுக்கினார்கள், இவர்களும் அந்த வட்டாரத்தின் இரண்டு போட்டிக்காரர்கள். ஆற்றின் நடுவால் எல்லை, ஷாவுக்குச் சந்தோஷம். பதிலுக்கு, ஈராக்கின் குர்துகளுக்குத் தான் கொடுத்துவந்த உதவியை ஷா நிறுத்தினார். சில வாரத்தில் குர்துக் கிளர்ச்சி சரிந்தது, சனங்கள் மூட்டையோடு மலை ஏறினார்கள். அந்த நட்பு எத்தனை நாள் நின்றது? 1980 செப்டம்பரில் சதாம் அந்த ஒப்பந்தத்தைத் தூக்கி எறிந்து ஈரானுக்குள் படை அனுப்பினார். ஐந்தரை வருஷம். 2017 செப்டம்பர் 25 அன்று ஈராக்கின் குர்துகள் தனிநாட்டுக்கு வாக்கெடுப்பு நடத்தியபோது சிரியாவில் எதிரெதிரே நின்ற துருக்கியும் ஈரானும் பத்து நாளில் ஒரே குரலாகின. அக்டோபர் 4ஆம் திகதி எர்டோகான் தெஹ்ரானில் இருந்தார்.

போட்டிக்காரர்கள் இரண்டு பேர் அவசரமாகச் சேரும்போது, கணக்கை நேர் செய்ய மூன்றாவது ஒருவர் மேசையில் வைக்கப்படுகிறார். இதைப் புரிந்துகொள்ள எனக்குக் குர்திஸ்தானுக்குப் போகத் தேவையில்லை.

அதே 1964. ஒக்டோபர் 30. சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் எங்கள் மலையகச் சனத்தைப் பங்கு பிரித்து டில்லியில் கையெழுத்திட்டார்கள். இந்தியா 1962இல் சீனாவிடம் அடிபட்டிருந்தது, தெற்கே ஓர் அண்டை நாடு மனம் கோணாமல் இருப்பது அதற்கு முக்கியமாக இருந்தது. 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம். பத்து வருஷம் கழித்து 1974இல் பார்த்தார்கள், ஆளுக்குப் பாதி, 75,000. சந்தையில் கொழுந்து நிறுக்கிறதைப் போல. எங்கள் ஆள் ஒருவரையும் அந்த மேசையில் உட்காரவைக்கவில்லை. இலங்கையும் இந்தியாவும் போட்டிக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன், எடைக்கு எடை நிற்காது. ஆனால் இரண்டு அரசுகள் நட்பாவதைக் கீழே இருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்பது மலையகத்துக்காரருக்குத் தெரியும்.

தாத்தாவின் தம்பி குடும்பம் அப்படித்தான் கூடலூர்ப் பக்கம் போனது. ஒரே லயம், இரண்டு விண்ணப்பம், இரண்டு நாடு. ஆட்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு எங்கள் சனங்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்தார்கள். ஸ்டேஷனில் அழுத அழுகை கோச்சியின் சத்தத்தை மிஞ்சியது என்று அப்பாயி சொல்வார். சின்னத் தாத்தா போகும்போது அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தாராம், பாரம் என்று விடவில்லை. அந்த அம்மி இப்போதும் எங்கள் வீட்டுப் பின்பக்கம் கிடக்கிறது. அதனால்தான், எந்த இரண்டு நாடு கைகுலுக்கும் படத்தைப் பார்த்தாலும், படத்தில் இல்லாதது யார் என்றுதான் எனக்கு முதலில் தேடத் தோன்றும்.

இதைப் பாடசாலையில் ஒரு சக ஆசிரியரிடம் சொன்னேன். அவர் விடவில்லை. "அப்ப பிரான்சும் ஜேர்மனியும்?" என்றார். நியாயமான கேள்வி. 1870இலிருந்து மூன்று பெரும் போர், ஆனால் 1951இல் நிலக்கரியையும் உருக்கையும் ஒரு பொது அதிகாரத்துக்குக் கீழே கொண்டுவந்தார்கள், 1963இல் எலிசே ஒப்பந்தம், இன்றுவரை நிற்கிறது. என் பதில் முழுசாக அவருக்குத் திருப்தி தரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த இருவரும் அப்போது களைத்துப் போனவர்கள், ஒருவர் இரண்டாகப் பிளந்து கிடந்தார், இருவருக்கும் மேலே அமெரிக்காவின் குடை, எதிரே சோவியத். பிரித்துக்கொள்ளச் சண்டை போடும் செக்ரோலே அவர்களிடம் அப்போது இல்லை. அதை விட முக்கியம், துப்பாக்கி செய்கிற உருக்கையே இருவரும் ஒரே பூட்டுக்குள் வைத்து ஆளுக்கொரு சாவி எடுத்துக்கொண்டார்கள்.

துருக்கிக்கும் ஈரானுக்கும் நடுவில் அப்படி ஒரு பொதுச் சாவி இருக்கிறதா? ஒரு குழாய் இருக்கிறது. 1996இல் துருக்கிப் பிரதமர் எர்பகான் தெஹ்ரானுக்குப் போய் 25 வருஷ எரிவாயு ஒப்பந்தம் போட்டார், தப்ரீஸிலிருந்து அங்காராவுக்கு, 2001 டிசம்பரில் வாயு வந்தது. சிரியாவில் அடித்துக்கொண்ட காலத்திலும் வந்தது. விலை அதிகம் என்று துருக்கி சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போய் விலையைக் குறைக்க வைத்தது, அப்போதும் வந்தது. 2022 ஜனவரியில் கடும் குளிரில் ஈரான் பழுது என்று நிறுத்தியபோது துருக்கியின் தொழிற்சாலைகள் இருளில் நின்றன, பிறகு மறுபடி வந்தது. இரண்டு பேரும் தங்கள் தங்கள் மலையில் தேயிலையும் வளர்க்கிறார்கள், ஒருவர் ரிஸேயில், மற்றவர் லாஹிஜானில். போதாததற்கு நம்மிடமும் வாங்குகிறார்கள். 2010இல் பிரேசிலோடு சேர்ந்து துருக்கி ஈரானுக்காக அணு உடன்பாடு ஒன்றைக் கொண்டுவந்து, பாதுகாப்புச் சபையில் தடைத் தீர்மானத்துக்கு எதிராகவே கை உயர்த்தியது. அடுத்த வருஷமே தன் மண்ணில் நேட்டோவின் ராடார் வைக்க இடம் கொடுத்தது. அது யாருடைய ஏவுகணையைப் பார்க்கவென்று தெஹ்ரானுக்குத் தெரியாதா? தெரிந்தது, கத்தியது, வாயுக் குழாயை மூடவில்லை.

2023இல் பீஜிங்கில் சவூதியும் ஈரானும் கைகுலுக்கியதைப் பற்றியும் கேட்பீர்கள். தூதரகம் திறந்தார்கள். நல்லதுதான். அது சாவு வீட்டுக்கு வந்துபோகிற அளவு உறவு, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது கூட இல்லாத ஊர்களில் பிணம் கிடந்து நாறும்.

அப்பா போன வருஷம் இறந்தார். தப்புச் சத்தம் கேட்டு முதல் ஆளாகச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர் பெரியப்பா. எண்பது வயது, கால் இழுக்கிறது, வேண்டாம் என்றும் கேட்காமல் பாடைக்குத் தோள் கொடுத்தார், வளைவு வரைக்கும். எட்டாம் நாள் பந்தியில் உட்கார்ந்து அப்பாவைப் பற்றி அவர் சொன்னது போல் என் தம்பிகூடச் சொல்லவில்லை. அடுத்த மாதச் சம்பளத்தில் பார்த்தால், அப்பாவின் சங்கத்திலிருந்த ஆறு குடும்பத்தின் சந்தா பெரியப்பாவின் சங்கத்துக்கு மாறியிருந்தது.

இவ்வளவையும் மறுநாள் மாமாவுக்குச் சொன்னேன், சுருக்கித்தான். ஆறு குடும்பக் கதைக்கு மட்டும் சிரித்தார். பிறகு கண்ணாடிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஆட்டோச் சாவியை எடுத்தார்.

"அப்ப நான் டாங்கிய நெறச்சே வச்சிர்றேன் புள்ள."